நீள மூடித் தொட்டி

இந்தக் குப்பைக்குள் ஒருத்தருடைய முகவரி இருக்கிறது என்று அண்ணி சொன்னபோது தந்தி சிரித்திருப்பான். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததால் முடியவில்லை.

தந்தி என்பது தெருவில் வைத்த பெயர். ஒரு சேதி அவன் காதில் விழுந்தால் அடுத்த நிமிடம் நாலு வீட்டுக் கதவைத் தட்டிவிடும். அப்படிப்பட்ட வாயைத் துப்பறியும் வேலைக்குத் துணையாக வைத்துக்கொண்ட ஒரே ஆள் அவனுடைய அண்ணன் மனைவிதான். அண்ணி அதற்கு முன் பதினைந்து வருடம் தபால் நிலையத்தில் இருந்தவர். முகவரி சரியில்லாத கடிதங்களுக்கு உரியவரைத் தேடிப் பிடிக்கிற மேசை அவருடையது. மழையில் கரைந்த மையில் மிஞ்சிய இரண்டு எழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். ஓர் இடத்தில் உட்கார மட்டும் அவருக்கு வராது. நாற்காலி என்பது அவரைப் பொறுத்தவரை கைப்பை வைக்கிற சாமான்.

இப்போதும் நடந்துகொண்டேதான் இருந்தார். குப்பை பிரிக்கும் கூடத்தின் நடுவே நீளமான ரப்பர் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு பக்கமும் பன்னிரண்டு பெண்கள் நின்று, ஓடுகிற காகிதத்தையும் அட்டையையும் பாட்டிலையும் கண்மூடித் திறப்பதற்குள் தனித்தனியாக வீசிக்கொண்டிருந்தார்கள். ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது.

அந்த இடத்துக்காரி பின்பக்க பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். முந்தாநாள் காலையில் ஓர் அட்டைக் கூம்பை எடுத்து அமுக்கியிருக்கிறாள். உள்ளேயிருந்த ஊசி கையுறையைத் தாண்டி உள்ளங்கையில் ஏறிவிட்டது. யாருடைய ரத்தம் பட்ட ஊசி என்று தெரியாது. அதனால் முன்னெச்சரிக்கையாக மருத்துவமனையில் இருபத்தெட்டு நாளைக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். இரண்டு நாளாகச் சாப்பிட்டதெல்லாம் வாந்தி. மாத்திரை ஓடும்வரை தாய்ப்பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எட்டு மாதக் குழந்தை புட்டிப்பாலைத் தொட மறுத்து, அழுது அழுது குரல் கட்டி, அம்மாவின் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தது.

ஆள் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அண்ணி அவளிடம் கேட்டார்.

"ஒண்ணும் செய்ய வேணாங்க. ரத்தம் மட்டும் குடுக்கச் சொல்லுங்க. அதுல கோளாறு இல்லைன்னா மாத்திரைய நிறுத்திடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க." அவள் குழந்தையின் விரல்களை முந்தானையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். "நான் யாரையும் திட்டக்கூட மாட்டேன். அதுக்குத் தெம்பு இல்ல."

தந்தி மூக்கிலிருந்து கையை எடுத்தான். பிறகு அங்கே இருந்தவரை அதை மறுபடி வைக்கவில்லை.

கூடத்து மேஸ்திரி ஒரு தட்டில் அந்தச் சாமான்களைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். கண்ணாடிப் புட்டிக்குள் ஐந்து ஊசிகள். ஒவ்வொன்றும் ஓர் எறும்பு நீளம்கூட இல்லை. தையல் நூல் சுற்றி வருகிற அட்டைக் கூம்பு ஒன்று. அதன் வாயில் அடைத்திருந்த கசங்கிய காகிதம் ஒன்று. இவை வந்த நீலப் பையில், சட்டப்படி ஒட்ட வேண்டிய கட்டட அடையாளச் சீட்டு இருந்தது. எந்தக் கட்டடம் என்பதில் அதனால் சந்தேகம் இல்லை. கீழே அச்சகம், முதல் மாடியில் பல் ஆஸ்பத்திரி, இரண்டாவதில் தையற்கூடம், மூன்றாவதில் இன்ஷூரன்ஸ் அலுவலகம். நாலு தொழிலுக்கும் சேர்த்து எழுபது பேர்.

ஊசி என்றதும் எல்லாருடைய கையும் பல் டாக்டரம்மாவை நோக்கித்தான் நீண்டது. சுகாதார அலுவலகம் கட்டடத்தின் வாசற்கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்குள் ஊசி எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கட்டடத்தில் குப்பை எடுக்க மாட்டார்கள். நாலு தொழிலும் கதவைச் சாத்த வேண்டியதுதான். ஊசி தன்னுடையதில்லை என்று அடித்துச் சொன்ன பல் டாக்டரம்மாதான் அண்ணியைக் கூப்பிட்டவர்.

அண்ணி கசங்கிய காகிதத்தை இடுக்கியால் பிரித்தார். தடித்த எழுத்தில் பாதி வரி இருந்தது. மீதி கிழிந்து போயிருந்தது.

"நீள மூ," என்று வாசித்தான் தந்தி. "ஆள் அகப்பட்டாச்சு அண்ணி. நீள மூக்கு. நாலு மாடியும் ஏறி இறங்கி மூக்க அளந்தா வேலை முடிஞ்சுது. டேப்பு வாங்கிட்டு வரவா?"

"டேப்பு ஏற்கெனவே இருக்கு," என்றார் அண்ணி. கூம்பின் வாயைச் சுற்றி விரல் அகலத்துக்கு அட்டையின் மேல்தோல் உரிந்திருந்தது. ஒட்டும் டேப் இருந்து, யாரோ பிய்த்தெடுத்த தழும்பு அது.

கிளம்பும்போது மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார். இரண்டு நாளில் இரண்டு தடவை ஓர் ஆண்குரல் போன் பண்ணி, அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறது. பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டது.

ஆட்டோவில் அண்ணியின் கால் தாளம் போட்டுக்கொண்டே வந்தது. சிக்னலில் நின்றபோது டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, ரகசியத்த ஒளிச்சு வைக்கிறவன் டேப் ஒட்டுவான். அதைப் பிரிக்கிறவங்க உள்ள என்ன இருக்குன்னு பாப்பாங்க. இவங்க டேப்ப மட்டும் உரிச்சிட்டு, உள்ள பாக்காம விட்டிருக்காங்க. எதுக்கு?"

"டேப்பு மேல ஆசையா இருக்கும்."

"ரெண்டு கை, தம்பி. ஒட்டின கை ஒண்ணு, உரிச்ச கை ஒண்ணு. ஒட்டின கை பயந்த கை. உரிச்ச கைக்குப் பயமே இல்ல."

பல் ஆஸ்பத்திரியில் நாலு நிமிடம்தான் ஆனது. டாக்டரம்மா மேசையோரம் இருந்த சிவப்புப் பெட்டியைக் காட்டினார். ஊசி, பிளேடு, பாட்டரி போன்ற ஆபத்தான சாமான்களுக்குக் கட்டடம் முழுக்க அந்த ஒரு பெட்டிதான். போடுகிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்து நோட்டில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய ஊசிகள் விரல் நீளம். அண்ணி புட்டியை நீட்டியதும் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது சர்க்கரைக்காரங்க இன்சுலின் பேனாவுல மாட்டிக்கிற ஊசி. தனக்குத்தானே போட்டுக்கிறது. பல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

கட்டடத்தில் யாருக்குச் சர்க்கரை என்று அண்ணி கேட்டார். தெரிந்து ஒருவருக்கும் இல்லை என்றார் டாக்டரம்மா. சற்று யோசித்து, தெரியவும் தெரியாது என்று சேர்த்துக்கொண்டார். போன வருடம் லிப்ட்காரருக்குச் சர்க்கரை இறங்கி வேலை நேரத்தில் மயக்கம் வந்துவிட்டது. கட்டட முதலாளி, உன்னை வைத்துக்கொண்டு நான் பொறுப்பேற்க முடியாது என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அங்கே யார் வாயைத் திறப்பார்கள்?

தையற்கூடத்தில் கூம்புக்குக் கணக்கு வழக்கே இல்லை. தீர்ந்த கூம்புகளை மாடிப்படித் திருப்பத்தில் ஒரு கூடையில் போட்டு வைப்பார்களாம். வேண்டியவர்கள் எடுத்துப்போவார்கள். அச்சகத்தில் பிரஷ் நிறுத்த, மேலே பேனா செருக, கட்டட மேற்பார்வையாளர் மார்க்கர் போட்டு வைக்க என்று எல்லார் மேசையிலும் ஒன்று நின்றது.

அந்த இடைவெளியில் தந்தி மூன்றாம் மாடிக்குப் போய்விட்டான். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் நிஜமாகவே ஒரு நீள மூக்கு இருந்தது. ஆள் வருவதற்கு முன் மூக்கு வந்து சேர்கிற ரகம். தந்தி எதுவும் கேட்கவில்லை. அந்த மூக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டு, எல்லாம் எங்களுக்குத் தெரியும் சார் என்று மட்டும் சொன்னான். அவருக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது. இரண்டு மாதமாக மதியச் சாப்பாட்டில் மிச்சமானதைப் பச்சை மூடித் தொட்டியில் போடாமல், பொட்டலத்தைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, அப்படியே கறுப்பு மூடியில் போட்டு வருவதாக ஒப்புக்கொண்டார். வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவள் கட்டிக் கொடுத்ததை அவர் பாதிக்கு மேல் சாப்பிடுவதே இல்லையாம்.

"ஒரு கேஸ் முடிஞ்சுது," என்று தந்தி இறங்கி வந்து அறிவித்தான். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குப்பை அறை படிக்கட்டுக்குப் பின்னால் இருந்தது. அதைச் சுற்றிக் காட்ட மேற்பார்வையாளரே வந்தார். ஐம்பது வயது, ஒல்லி, இடுப்பில் சாவிக்கொத்து. கட்டடத்தில் அவரைச் சட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு மாதத்துக்கு முன் புது விதி வந்தபோது எழுபது பேரையும் நாலு நாலு பேராக இந்த அறைக்குக் கூட்டி வந்து பாடம் எடுத்தவர் அவர். பச்சை மூடியில் உணவு மிச்சம், நீல மூடியில் காய்ந்த காகிதம், அட்டை, கழுவிய பாட்டில், கறுப்பு மூடியில் மற்றவை, சிவப்புப் பெட்டியில் ஆபத்தானவை. மேசைக்கு மேசை இருந்த கூடைகளைத் தூக்கிவிட்டு மாடிக்கு ஒரு வரிசையாகத் தொட்டிகளை வைத்ததும், ஒவ்வொரு தொட்டிக்கு மேலும் பலகை மாட்டியதும், தினமும் எடை போட்டு எழுதியதும் அவர்தான். எச்சில் டப்பா ஒன்று நீலத்தில் விழுந்தால் மொத்தப் பையும் பாழ் என்று மனப்பாடமாகச் சொன்னார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாவிக்கொத்து மட்டும் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது.

அண்ணி அந்தச் சின்ன அறைக்குள் நாலு எட்டு முன்னும் நாலு எட்டு பின்னுமாக நடந்தார். சுவரில் ஓர் அலமாரி இருந்தது. மேல் தட்டில் பழைய குழல்விளக்குப் பெட்டிகள். எங்கும் தூசி இல்லை, அவற்றின் பின்னால் ஒரு கையளவு இடம் மட்டும் காலியாக இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு எந்தக் கைங்க?" என்று சட்டம் திடீரென்று கேட்டார்.

வலது கை என்றார் அண்ணி. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

வாசற்படியில் ஒரு நடுத்தர வயதுப் பெண் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிற அக்கா. ஊசி விஷயம் தெரிந்ததும் முதலாளி போனிலேயே அவளை நிறுத்திவிட்டார். பையைக் கட்டிக்கொண்டு போனவள்தானே பொறுப்பு என்பது அவர் வாதம். சாயங்காலம் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டுமாம்.

அண்ணி அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். ஆட்டோவைத் தவிர அன்றைக்கு அவர் உட்கார்ந்ததைத் தந்தி அப்போதுதான் பார்த்தான். பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டிய நேரம் என்று அவனுக்கே தோன்றியது.

"அலமாரிய எப்போ சுத்தம் பண்ணினீங்க?"

"சனிக்கிழமை. அதிகாரிங்க பாக்க வரலாம்னு சார் சொல்லிட்டே இருந்தார். அவரு அன்னிக்கு லீவு. வர்றதுக்குள்ள பளிச்சுன்னு வச்சிடுவோம்னு மேல் தட்டு வரைக்கும் எல்லாத்தையும் எடுத்தேன்."

"அதுல ஒரு நூல் கூம்பு இருந்துதா? வாயில டேப் ஒட்டி?"

"இருந்துது. உரிச்சேன்."

"எதுக்கு உரிச்சீங்க?"

அக்கா அவரை, இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தாள். "அட்டையில டேப் இருந்தா அங்க திருப்பி அனுப்பிடுவாங்க. சார்தான் சொல்லிக் குடுத்தார். உள்ள காகிதம் அடைச்சிருந்துச்சு. அட்டையும் நீலம், காகிதமும் நீலம். அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்? அப்படியே போட்டேன்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சொன்னதச் செஞ்சேங்க. ஒண்ணுகூட மாத்திச் செய்யல."

உரித்த கை கிடைத்துவிட்டது. அதன்மேல் குற்றம் சொல்ல ஒரு நகக்கண் அளவுகூட இடமில்லை. மீதி இருந்தது ஒட்டிய கை. குப்பை அறைச் சாவி ஆணியில் தொங்கியது. எழுபது பேரில் யார் வேண்டுமானாலும் அந்த அலமாரிக்குப் போகலாம்.

மணி ஒன்றரை. அண்ணி எழுந்து படியேறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். தந்தி பின்னாலேயே ஓடினான். முதல் மாடித் திருப்பத்தில் அவர் சட்டென்று நின்றதில் அவன் அவர் முதுகில் மோதிக்கொண்டான். எதிரே தொட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் மேல் பெரிய எழுத்தில் பலகை. அண்ணி நடுப்பலகையில் உள்ளங்கையை வைத்துக் கடைசி எழுத்தை மறைத்தார்.

நீல மூ.

கையை எடுத்தார். நீல மூடி.

"அண்ணி," என்றான் தந்தி மெதுவாக, "அது சின்ன ல. நம்மகிட்ட இருக்கறது பெரிய ள."

"ஆமா. யாரோ தப்பா அச்சடிச்சிருக்காங்க. அப்புறம் திருத்தியிருக்காங்க."

அச்சகக்காரர் முதலில் அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்றார். எழுத்துப்பிழை என்பது அச்சகக்காரருக்குக் குடும்ப மானம் மாதிரி. தந்தி, நாங்கள் தமிழ் வாத்தியார்கள் இல்லை, பயப்படாதீர்கள் என்று தோளைத் தட்டியதும் சிரித்துவிட்டார். பலகைக்கு முதல் மாதிரி அடித்தபோது நீல மூடி, நீள மூடி ஆகிவிட்டதாம். சட்டம் சார் வாங்கிப் பார்த்த மறுநொடி, நீளம் போட்டீங்க சரி, அகலத்த எங்க காணோம் என்று கேட்டாராம். உடனே திருத்தி அடித்துக் கொடுத்தார்கள்.

தப்பான மாதிரி எத்தனை அடித்தீர்கள் என்று அண்ணி கேட்டார். ஒன்றே ஒன்று. அது எங்கே?

"அவரே எடுத்துக்கிட்டார். பின்பக்கம் வெள்ளையா இருக்கு, கிழிச்சு எழுத ஆகும், வீணாக்கக் கூடாதுன்னார்."

வெளியே வந்ததும் தந்தியின் வாய் தானாகத் திறந்தது. அண்ணி அவன் கையைப் பிடித்தார்.

"தம்பி, இது ஒருத்தரோட சோறு. எங்கயும் போகக் கூடாது."

தந்தி வாயை மூடினான். டேப்பை உரிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான், டேப்பை ஒட்டியதும் அவர்தான். தன் பாடத்தை ஒழுங்காகப் படித்த கை ஒன்று தன் ரகசியத்தையே பிரித்துப்போடும் என்று அந்த மனுஷர் எங்கே கண்டார்.

சட்டம் குப்பை அறையில் எடைக்கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அண்ணி கதவைச் சாத்தினார். கூம்பைக் காட்டவில்லை, காகிதத்தைக் காட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கு எட்டு மாதத்தில் ஒரு குழந்தை இருப்பதைச் சொன்னார். மாத்திரையைச் சொன்னார். குழந்தை இரண்டு நாளாகப் புட்டியைத் தள்ளிவிடுவதையும், குரல் கட்டிப்போனதையும் சொன்னார். ஊசிக்கு உரியவர் வந்து ரத்தம் கொடுத்து, அதில் தொற்று எதுவும் இல்லையென்று தெரிந்தால், இன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பதைச் சொன்னார்.

சாவிக்கொத்தின் சத்தம் நின்றது.

"ரத்தம் குடுத்தா நிறுத்திடலாமா?"

"நிறுத்திடலாம்."

"அதை எனக்கு யாரும் சொல்லலியே." அவர் துணியைக் கீழே வைத்தார். "பிடிச்சா உள்ள தள்ளுவாங்க, வேலைய விட்டுத் தூக்குவாங்கன்னுதான் எல்லாரும் பேசிக்கிட்டாங்க. ரத்தம் குடுத்தா அந்தப் புள்ளைக்குப் பால் கிடைக்கும்னு ஒருத்தரும் சொல்லல." அவர் ஏற்கெனவே கதவருகே போய்விட்டிருந்தார். "எந்த ஆஸ்பத்திரி? வாங்க, போவோம்."

மீதியை ஆட்டோவில் சொன்னார். ஐந்து மாதமாகச் சர்க்கரை. மதியம் ஊசி போட்டாக வேண்டும். கட்டடத்தில் யாரும் நின்று பார்க்காத ஒரே இடம் குப்பை அறைதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு போட்டுவிட்டு ஓடிவிடுகிறவர்களுக்கு மத்தியில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு சட்டையைத் தூக்குவார். போட்ட ஊசிகளைக் கூம்பில் போட்டு, காகிதம் அடைத்து, டேப் ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் அரசு ஆஸ்பத்திரிப் பெட்டியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார். போன ஞாயிறு மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள், போக முடியவில்லை. திங்கட்கிழமையும் லீவு. அன்றைக்கு ஊசி குத்தியது என்று கேள்விப்பட்டபோது அவரும் பல் ஆஸ்பத்திரி ஊசி என்றே நினைத்தாராம். செவ்வாயன்று வேலைக்குத் திரும்பி அலமாரியில் கை வைத்தபோதுதான் கூம்பு இல்லை.

தந்தியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சிவப்புப் பெட்டி இருந்துதே சார், ரெண்டு நிமிஷ நடை."

"அதுல போட்டா நோட்டுல பேரெழுதிக் கையெழுத்துப் போடணும்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த நோட்ட வச்சதே நான்தான்."

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் சட்டம் சுவரோரமாக நின்றார், அண்ணி வராந்தாவை அளந்தார், தந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கூடத்திலிருந்து குழந்தையோடு அந்தப் பெண்ணையும் வரவழைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா காகிதத்தோடு வெளியே வந்து, எல்லாம் சுத்தம், மாத்திரை வேண்டாம், மருந்து உடம்பை விட்டுப் போனதும் நாளை சாயங்காலத்திலிருந்து பால் கொடுக்கலாம் என்றார். அவள் குழந்தையின் தலையில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். சட்டம் அவள் முன்னால் போய் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நாளைக்கு மத்தியானம் கூடத்துக்கு வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரி வந்தபோது, ஊசி என்னுடையது என்று சட்டமே சொன்னார். அண்ணி வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் கூடியிருந்தவர்கள் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி போனிலிருந்தே, மேற்பார்வையாளர், துப்புரவுக்காரி இரண்டு பேரும் இன்றோடு வரவேண்டாம் என்று கத்தினார். பல் டாக்டரம்மா போனை வாங்கிக்கொண்டார். ஊசிக்கு என்று ஒதுக்குப்புறமான பெட்டி வைப்பது விதிப்படி கட்டட முதலாளியின் பொறுப்பு, ஆறு மாதமாக என்னுடைய பெட்டியை வைத்து நீங்கள் சமாளித்ததை அதிகாரியிடம் சொல்லட்டுமா, அவர் பக்கத்தில்தான் நிற்கிறார் என்று அமைதியாகக் கேட்டார். முதலாளி, சரி, ரெண்டு பேரும் வேலையில் இருக்கட்டும் என்று சொல்லிப் போனை வைத்தார். அதிகாரியும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு மாடிக் கழிவறைக்குள்ளும் ஒரு சிவப்புப் பெட்டி, அதற்குப் பெயரும் கையெழுத்தும் கூடாது, கெட்டியான பக்கங்கள், திறக்க முடியாத மூடி, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுத்து. பதினைந்து நாள் தவணை கொடுத்து அறிவிப்பைக் கிழித்தெடுத்தார். பெருக்குகிற அக்கா துணிப்பையை உள்ளே கொண்டுபோய் மாட்டினாள்.

தந்தியிடம் அன்றைக்கு ஏழு பேர், இந்த ஆளை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். அவரே வந்து சொன்னார் என்று ஏழு பேரிடமும் சொன்னான். பாதி உண்மைதான். அந்தப் பாதியே போதும் என்று அவனுக்குத் தோன்றியது.

மத்தியானம் சட்டம் கூடத்துக்குப் போனார். அண்ணியும் தந்தியும் கூடவே போனார்கள். அந்தப் பெண் தன் இடத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு ஜோடி கையுறையை எடுத்து நீட்டி, பக்கத்தில் நிற்கச் சொன்னாள். அவர் நின்றார்.

பட்டை ஓடியது. ஆறு மாதம் எழுபது பேருக்குப் பாடம் நடத்தியவர் அந்த வேகத்துக்கு முன் திணறிப்போனார். காகிதத்தை எடுப்பதற்குள் பாட்டில் போய்விட்டது. பாட்டிலைப் பார்ப்பதற்குள் உடைந்த கண்ணாடி வந்துவிட்டது. எச்சில் டப்பா ஒன்று வந்து கையெல்லாம் குழம்பாக்கியது. மூடிய பெட்டி வந்தபோதெல்லாம், உள்ளே என்ன இருக்குமோ என்று அவர் கை ஒரு கணம் நின்றது. அவள் கை நிற்கவில்லை. நிற்க அவளுக்கு நேரம் கிடையாது என்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மணிக்குச் சங்கு ஊதியது. பட்டை நின்றது. பெண்கள் கையுறையைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டு டப்பாக்களை எடுத்தார்கள். சட்டம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சட்டைப் பையைத் தொட்டார். ஊசி நேரம். கண்கள் பழக்கதோஷத்தில் கூடத்தைச் சுற்றி ஒரு மறைவைத் தேடின. மறைவு எதுவும் இல்லை. நாலு பக்கமும் திறந்த கொட்டகை.

அவள் கவனித்துவிட்டாள். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"இங்கயே போட்டுக்குங்க," என்றாள். "சாப்பாடு ஆறிடும்."

அவர் திரும்பி நின்று, சட்டையின் கீழ் ஓரத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. பன்னிரண்டு பேரும் சோற்றைப் பிசைந்துகொண்டு வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஊசியைக் கழற்றி விரல் நுனியில் பிடித்தபடி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றபோது, அவள் தடித்த டப்பா ஒன்றின் மூடியைத் திறந்து, காயம்பட்ட வலது கையால் அவர் முன்னே நீட்டினாள்.